உள்ளே அரசு, வெளியே குடி

நுழையும்முன்

ஒரு கணினியில் எல்லாவற்றையும் செய்ய வல்லவர் ஒருவரே. ஏனையோர் அவர் வகுத்த எல்லைக்குள் நின்று பணியாற்றுவோர். அந்த எல்லையைத் தாண்டாமலே, முழுமையான கணினி ஒன்றைத் தமக்கென உருவாக்கி, அதை உலகளாவிய வலையோடு இணைத்துக்கொள்ள ஓர் எளிய பயனரால் இயலுமா? இயலும் எனக் காட்டிய தொழில்நுட்பத்தின் பிறப்பையும் அது இயங்கும் முறையையும் அதற்குள்ள வரம்புகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்லூரிக் கணினிக்கூடம் ஒன்றில் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பெற்ற கணினிகள் வரிசையாக உள்ளன எனக் கொள்க. அங்குப் பயிலும் மாணவி ஒருவர், இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் வழங்கிக் கணினி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தம் கையாலேயே செய்து கற்க விரும்புகிறார். மென்பொருளை நிறுவ வேண்டும். வலையமைப்பின் விதிகளை மாற்றிப் பார்க்க வேண்டும். தவறாக மாற்றி, கணினி செயலிழந்து நிற்பதைக் கண்டு, அதை மீட்டெடுக்கவும் வேண்டும். இவற்றுள் ஒன்றைக்கூட அவருக்கு வழங்கப்பட்ட பயனர் கணக்கைக் கொண்டு செய்ய இயலாது. அனைத்திற்கும் உரிய கடவுச்சொல் கூடப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. அவர் அதைத் தரமாட்டார், தரவும் கூடாது. அதே கணினியில் நாளை வேறு பத்து மாணவர்கள் தேர்வு எழுத வேண்டியுள்ளது.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அடுப்பைத் தொடாமல் சமையலைக் கற்க இயலாது என்பது மாணவியின் நியாயம். பலர் உண்ணும் அடுக்களையில் பழகாதவர் கை வைக்கலாகாது என்பது பொறுப்பாளரின் நியாயம். தனி அடுப்பு ஒன்றை மூட்டிக்கொடுப்பதே இச்சிக்கலுக்குரிய தீர்வு.

ஒருவரின் ஆட்சி

லினக்ஸும் அதற்கு முன்னோடியான யுனிக்ஸும் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சூழலை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. 0 என்னும் எண்ணுக்குரியவர் ‘ரூட்’ எனப்படும் மூலப்பயனர். அவர் எக்கோப்பையும் திறக்கலாம், எச்செயலையும் நிறுத்தலாம், வலையமைப்பை விரும்பியவாறு மாற்றியமைக்கலாம். ஏனைய பயனர்கள் தம் கோப்புறைக்குள் அரசர்கள்; வெளியே குடிகள்.

குடிகளும் வலையைப் பயன்படுத்தலாம் என்பதை இங்கு மறந்துவிடலாகாது. ஓர் எளிய பயனர் உலாவியைத் திறந்து எந்த இணையத்தளத்தையும் காண்கிறார். அவருடைய செயலி, ‘இன்ன முகவரிக்கு இச்செய்தியைச் சேர்ப்பிக்க’ என்று கெர்னலிடம் வேண்டுகிறது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதி. அது செய்தியைப் பொதியாகக் கட்டி, அனுப்புநர் முகவரியைத் தானே எழுதி அனுப்பிவைக்கிறது. செய்தியைத் தரும் உரிமை பயனருக்கு உண்டு. உறையின்மேல் முகவரி எழுதும் உரிமைதான் இல்லை. அவ்வுரிமை எல்லார்க்கும் வழங்கப்பட்டால் ஒருவர் மற்றொருவர் பெயரில் பொய்யாகப் பொதி அனுப்புவது மிக எளிதாகிவிடும்.

இப்பாடத்தின் பிற்பகுதி முழுவதும் இவ்வேறுபாட்டின்மீதே நிற்கிறது.

கணினிக்குள் கணினி

ஒரு கணினியின் செயலகம், நினைவகம், வட்டு, வலையட்டை ஆகிய அனைத்தையும் மென்பொருளால் நடித்துக் காட்டினால் கிடைப்பது மெய்நிகர் கணினி. ஆங்கில நூல்கள் தாங்கி நிற்கும் கணினியை விருந்தளிப்பவர் என்றும், அதனுள் இயங்குவதை விருந்தினர் என்றும் அழைக்கின்றன. இப்பாடத்தில் முன்னது வெளிக்கணினி, பின்னது உட்கணினி எனப்படும்.

உட்கணினியை உருவாக்க மூலப்பயனராக இருக்க வேண்டியதில்லை. ஜெஃப் டைக் என்பவர் 1999ஆம் ஆண்டு தொடங்கிய ‘யூசர் மோட் லினக்ஸ்’ என்னும் திட்டம், லினக்ஸ் கெர்னலையே ஓர் எளிய பயனரின் சாதாரணச் செயலியாக ஓடவிட்டது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ‘க்யூஎமு’ ஒரு முழுக்கணினியின் வன்பொருளையே மென்பொருளால் நடித்துக் காட்டியது. இரண்டிலும் வெளிக்கணினியின் கண்ணுக்கு உட்கணினி என்பது, பயனர் ஒருவர் இயக்கும் மற்றுமொரு செயலியே. சொல்திருத்தி போல, உலாவி போல. உள்ளே நுழைந்து பார்த்தால் அங்கே மாணவிதான் மூலப்பயனர். எதை அழித்தாலும் அழிவது அவருடைய கோப்புறையில் உள்ள ஒரு வட்டுக்கோப்பு மட்டுமே. அதன் படியொன்றை முன்னரே எடுத்துவைத்திருந்தால் அந்த இழப்பும் இல்லை.

வேகம் பற்றி ஒரு சொல். இக்காலச் செயலகங்களில் மெய்நிகர் கணினிக்கென்றே வசதிகள் உள்ளன. அவற்றை லினக்ஸில் கே.வி.எம். என்னும் கெர்னல் பகுதி வழங்குகிறது. அதைப் பயன்படுத்தப் பல அமைப்புகளில் உரிய பயனர் குழுவில் இடம்பெற்றிருக்க வேண்டும். இடம்பெறாதவருக்கும் க்யூஎமு இயங்கும். ஆயின் மாட்டு வண்டியின் வேகத்தில்தான்.

தடை எழும் இடம்

உட்கணினி பிறந்துவிட்டது. அதற்கு வலையட்டையும் உண்டு. எனினும் அது மென்பொருளால் ஆன அட்டை; அதிலிருந்து எந்தக் கம்பியும் வெளியே செல்லவில்லை. உட்கணினியின் கெர்னல் பொதிகளை முறையாகக் கட்டி, உறையில் முகவரியும் எழுதி, இந்தப் பொய்யட்டையிடம் தருகிறது. அட்டை அவற்றை எங்கே கொண்டு சேர்ப்பது?

வழக்கமான விடை, வெளிக்கணினியில் ‘டாப்’ எனப்படும் மெய்நிகர் வலைக்கருவியை உருவாக்கி, அதை உண்மையான வலையட்டையோடு பாலமிட்டு இணைப்பது. அல்லது, உட்கணினியின் முகவரியை நீக்கி வெளிக்கணினியின் முகவரியை இடும்படி கெர்னலுக்கு விதி வகுப்பது. இரண்டுமே வெளிக்கணினியின் வலையமைப்பை மாற்றும் செயல்கள். எனவே இரண்டிற்கும் மூலப்பயனரின் உரிமை தேவை. மாணவி மீண்டும் பூட்டிய கதவின் முன்னே நிற்கிறார்.

தொலைபேசிக் கம்பியில் பிறந்த தீர்வு

இதற்கான விடை, மெய்நிகர் கணினிகள் பரவலாவதற்கு முன்பே, வேறொரு சிக்கலுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

1990களில் வீடுகளிலிருந்து இணையத்தை அடைய மோடமும் தொலைபேசிக் கம்பியுமே துணை. இணைப்பு வழங்கிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இருவகைக் கணக்குகளை வைத்திருந்தன. ஒன்று, வீட்டுக் கணினியையே இணையத்தின் உறுப்பாக்கும் முழுமையான கணக்கு, விலை மிகுந்தது. மற்றொன்று ‘ஷெல்’ கணக்கு. இதில் பயனர், தொலைவிலுள்ள யுனிக்ஸ் கணினி ஒன்றில் நுழைந்து எழுத்துக் கட்டளைகளை மட்டும் இடலாம். படங்கள் கொண்ட இணையப் பக்கங்களைத் தம் வீட்டுத் திரையில் காண இயலாது. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைத்ததும் இத்தகைய ஷெல் கணக்கே.

ஷெல் கணக்கு வைத்திருந்தவர் தொலைக்கணினியில் எளிய பயனர், மூலப்பயனர் அல்லர். எனினும் அங்கே தம் செயலியை இயக்கலாம். அச்செயலி வெளியுலகோடு சாதாரணத் தொடர்புகளை ஏற்படுத்தவும் செய்யலாம். இந்தச் சிறு இடைவெளியைப் பயன்படுத்தியது டேனி காஸ்பரோவ்ஸ்கி எழுதிய ‘ஸ்லர்ப்’ என்னும் மென்பொருள். ஷெல் கணக்கினுள் அதை இயக்கினால், வீட்டுக் கணினி அனுப்பும் பொதிகளைத் தொலைபேசிக் கம்பியின் வழியே பெற்று, அவற்றின் உள்ளடக்கத்தைத் தன் பெயரில் வெளியுலகுக்கு அனுப்பும். வரும் விடையை மீண்டும் பொதியாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பும். மலிவான கணக்கு, விலைமிகுந்த கணக்கின் பணியைச் செய்யலாயிற்று. சில நிறுவனங்கள் இதைத் தடை செய்ததில் வியப்பில்லை.

மோடம்களின் காலம் முடிந்தபின் ஸ்லர்ப் மறைந்திருக்க வேண்டும். ஆனால், க்யூஎமுவை வளர்த்தவர்கள் அதை எடுத்துத் தம் மென்பொருளுக்குள் பதித்துக்கொண்டனர். தொலைபேசிக் கம்பி இருந்த இடத்தில் பொய்யான வலையட்டை வந்தது; வீட்டுக் கணினி இருந்த இடத்தில் உட்கணினி வந்தது. ‘மூலப்பயனராக இல்லாதவர் எவ்வாறு பிறர் பொதிகளைச் சுமப்பது?’ என்ற அடிப்படைச் சிக்கல் மட்டும் மாறவில்லை.

மே/பா முகவரி

சொந்த முகவரி இல்லாதவருக்குக் கடிதம் எழுதும்போது ‘மே/பா’ எனக் குறித்து, அவர் தங்கியிருக்கும் வீட்டாரின் பெயரை எழுதுவது நம்மவர் வழக்கம். அஞ்சல்காரருக்கு அவ்வீட்டாரைத் தெரிந்தால் போதும். உள்ளே தங்கியிருப்பவரைத் தெரிய வேண்டியதில்லை. ஸ்லர்ப்பின் பணி இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆனால், அது இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தங்கியிருப்பவர் எழுதிய கடிதத்தை வீட்டார் பிரித்து, அதன் வாசகத்தைத் தம் தாளில் பெயர்த்தெழுதி, தம் பெயரிலேயே அனுப்புகின்றனர். விடை வந்ததும் அதையும் பெயர்த்தெழுதி, எழுதியவரே நேரில் அனுப்பியது போன்ற உறையிலிட்டு உள்ளே தருகின்றனர். உறையின்மேல் உள்ள முகவரியை அடித்துத் திருத்துவது கெர்னலின் வழி. பிரித்துப் பெயர்த்தெழுதுவது ஸ்லர்ப்பின் வழி. முன்னதற்கு உரிமை வேண்டும். பின்னதற்குப் பொறுமை போதும்.

உட்கணினி ஓர் இணையத்தளத்தோடு தொடர்புகொள்ள விரும்பும்போது, தொடர்பைத் தொடங்கும் முதற்பொதியை அனுப்புகிறது. க்யூஎமுவுக்குள் இருக்கும் ஸ்லர்ப் அதைப் பிரித்து, செல்லவேண்டிய முகவரியையும் போர்ட் எண்ணையும் படிக்கிறது. உடனே, உலாவி செய்வது போலவே, அதே முகவரிக்கு ஒரு தொடர்பைத் திறக்குமாறு வெளிக்கணினியின் கெர்னலை வேண்டுகிறது. தொடர்பு கிடைத்ததும் ‘உன் வேண்டுகோள் ஏற்கப்பட்டது’ என்ற விடைப்பொதியைத் தானே கட்டி உட்கணினிக்குத் தருகிறது. உட்கணினி தான் நேரடியாக அந்தத் தளத்தோடு பேசுவதாகவே எண்ணிக்கொள்கிறது. தளமோ, வெளிக்கணினியின் பயனர் ஒருவர் பேசுவதாக எண்ணுகிறது. இரண்டு எண்ணங்களும் முழு உண்மை அல்ல. ஆயினும் செய்தி பிழையின்றிச் சென்று சேர்கிறது.

இவ்வமைப்பில் ஒவ்வொரு செய்தியும் இருமுறை பெயர்த்தெழுதப்படுவதால், பாலமிட்ட வலையமைப்பைக் காட்டிலும் இது மெதுவாகவே இயங்கும். கற்பவருக்கு அது ஒரு குறையன்று.

தெரிந்து தெளிவோம்

ஸ்லர்ப் தனக்குள் ஒரு கற்பனை ஊரையே வைத்திருக்கிறது. அவ்வூரில் உட்கணினியின் முகவரி 10.0.2.15. வெளியே செல்லும் வாயிலின் முகவரி 10.0.2.2. தளப்பெயர்களுக்கு எண் முகவரி தேடித்தரும் டி.என்.எஸ். உதவியாளரின் முகவரி 10.0.2.3. உட்கணினி விழித்தெழுந்து முகவரி வேண்டும்போது டி.எச்.சி.பி. என்னும் முறையில் இவற்றை ஸ்லர்ப்பே வழங்கிவிடுகிறது. 10 என்று தொடங்கும் முகவரிகள் தனியார் வலைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவை செல்லா. ஆகவே, உலகெங்கும் எண்ணற்ற உட்கணினிகள் ஒரே நேரத்தில் 10.0.2.15 என்னும் முகவரியோடு குழப்பமின்றி வாழ்கின்றன.

பிங் விடை தராதபோது

புதிதாகக் கற்போர் பலரை மயக்கும் இடம் ஒன்று உண்டு. வலை இணைந்ததா என அறிய அவர்கள் முதலில் இடும் கட்டளை ‘பிங்’. தொலைவிலுள்ள கணினியை ‘இருக்கிறாயா?’ என்று கேட்டு, ‘இருக்கிறேன்’ என்ற விடையை எதிர்பார்ப்பது அது. உட்கணினியிலிருந்து வெளியுலகக் கணினி ஒன்றுக்குப் பிங் அனுப்பினால் பல இடங்களில் விடை வருவதில்லை. வலை இணையவில்லை என்று முடிவுசெய்து, சரியாக உள்ள அமைப்புகளையெல்லாம் கலைத்துவிடுவோர் உளர்.

காரணம் முன்னரே கூறப்பட்டதுதான். பிங் அனுப்பும் பொதி ஐ.சி.எம்.பி. என்னும் வகையைச் சேர்ந்தது. அதை அனுப்ப உறையைத் தானே எழுதும் உரிமை வேண்டியிருந்தது. அது நெடுங்காலம் மூலப்பயனருக்கே உரியதாக இருந்தது. ஸ்லர்ப்போ குடிமகன். எனவே இணையப் பக்கம் வரும். பிங்குக்கு விடை வராது. 2011இல் வெளிவந்த லினக்ஸ் கெர்னலின் 3.0 பதிப்பு முதல், பொறுப்பாளர் இசைந்தால், குறிப்பிட்ட பயனர் குழுக்கள் மூல உரிமையின்றியே பிங் அனுப்பும் வழி ஏற்பட்டது. அவ்வழி திறந்துள்ள கணினிகளில் இத்தடை இல்லை.

சோதிக்கும் முறை ஒழுங்காக அமைந்தால் மயக்கம் நேராது. உட்கணினிக்கு 10.0.2.15 என்னும் முகவரி கிடைத்துள்ளதா என்று முதலில் காண வேண்டும். கிடைக்கவில்லையெனில் குறை உட்கணினிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து 10.0.2.2 என்னும் வாயிலுக்குப் பிங் அனுப்பலாம். அதற்கு ஸ்லர்ப்பே விடை சொல்லும். பின்னர் ஒரு தளப்பெயருக்கு எண் முகவரி கிடைக்கிறதா என்று பார்த்து, இறுதியில் இணையப் பக்கம் ஒன்றைக் கொணர முயல வேண்டும். இதுவே உண்மையான சோதனை.

கல்லூரிகளில் மற்றொரு தடையும் எதிர்ப்படும். பல கல்லூரிகள் ‘பிராக்ஸி’ எனப்படும் இடைநிலைக் கணினி வழியாக மட்டுமே வெளியே செல்ல விடுகின்றன. உலாவியில் அதன் முகவரி முன்பே பதியப்பட்டிருக்கும். ஸ்லர்ப்புக்கு அது தெரியாது. ஆகவே உட்கணினியிலும் அம்முகவரியைப் பதிய வேண்டும். பிராக்ஸி வெளிக்கணினியிலேயே, 127.0.0.1 என்னும் தன்முகவரியில் இயங்குமாயின் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உட்கணினியில் 127.0.0.1 என்றால் அது உட்கணினியையே குறிக்கும். ‘நான்’ என்னும் சொல் பேசுபவருக்கேற்ப மாறுவது போன்றது இது. அங்கே 10.0.2.2 என எழுதினால்தான் வெளிக்கணினியைச் சென்றடையும்.

உள்ளே வருவோர்

இதுவரை கண்டது உள்ளிருந்து வெளியே செல்லும் வழி. மாணவி அமைக்க விரும்பியதோ வழங்கிக் கணினி. அதை வெளியிலிருந்து பிறர் அணுக வேண்டும். கற்பனை ஊருக்கு வெளியுலகிலிருந்து சாலை இல்லை. ஆகவே, வெளிக்கணினியின் ஒரு போர்ட்டுக்கு வருவோரை உட்கணினியின் ஒரு போர்ட்டுக்கு ஆற்றுப்படுத்துமாறு க்யூஎமுவைத் தொடங்கும்போதே கூறிவிட வேண்டும்.

யுனிக்ஸ் மரபில் 1024க்குக் குறைந்த எண்ணுள்ள போர்ட்டுகளை மூலப்பயனரே திறக்கலாம். இணையத்தளங்களுக்குரிய 80, தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் எஸ்.எஸ்.எச். முறைக்குரிய 22 ஆகியவை அவ்வகையின. உட்கணினிக்குள் மாணவியே மூலப்பயனராதலால் அங்கே 80ஐயும் 22ஐயும் தடையின்றித் திறப்பார். வெளியே அவ்வுரிமை இல்லாததால் 8080, 2222 போன்ற பெரிய எண்களைத் தேர்ந்து, 8080க்கு வருவோரை உள்ளே 80க்கும், 2222க்கு வருவோரை உள்ளே 22க்கும் அனுப்பச் செய்வார்.

இங்குதான் கவனம் மிக வேண்டும். ஆற்றுப்படுத்தும்போது வெளிக்கணினியின் எம்முகவரியில் காத்திருக்க வேண்டும் என்று குறிப்பிடாவிடில், க்யூஎமு எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும். கணினிக்கூடத்தின் வலையில் உள்ள எவரும் அக்கதவைத் தட்டலாம். பயிற்சிக்கென அமைத்த உட்கணினியில் பெரும்பாலும் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லே இருக்கும். அதனுள் நுழைந்தவர், அங்கிருந்து மாணவியின் பெயரிலேயே வெளியுலகோடு பேசலாம். உட்கணினி செய்வதெல்லாம் வெளியே அப்பயனரின் செயலாகவே பதிவாகும் என்பதை முன்னர்க் கண்டோம். 127.0.0.1 என்னும் முகவரியை வெளிப்படையாகக் குறித்துவிட்டால், அக்கணினியில் இயங்கும் செயலிகளைத் தவிர வேறெவரும் அணுக இயலாது.

இரண்டு உட்கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டுமெனில் அதற்கும் மூல உரிமை வேண்டியதில்லை. க்யூஎமு செயலிகள் இரண்டையும் சாதாரணத் தொடர்பு ஒன்றால் இணைத்து, அதையே வலைக்கம்பியாகக் கொள்ளச் செய்யலாம். இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரென்சோ தாவோலி உருவாக்கிய வி.டி.ஈ. என்னும் மென்பொருள், பல உட்கணினிகளை இணைக்கும் மெய்நிகர் இணைப்புப்பெட்டியாகவே பணிபுரிகிறது.

கேட்டுப் பெறுதல்

மூல உரிமையின்றிச் செய்வதற்கும் பொறுப்பாளருக்குத் தெரியாமல் செய்வதற்கும் வேறுபாடு உண்டு. ஸ்லர்ப் எப்பூட்டையும் உடைப்பதில்லை; பயனருக்கு ஏற்கெனவே உள்ள உரிமையைத்தான் பயன்படுத்துகிறது. எனினும் கணினிக்கூடத்தின் விதிகள் மெய்நிகர் கணினிகளுக்கு இடந்தராவிடில், தொழில்நுட்பம் இடந்தருகிறது என்பது விடையாகாது.

பல வேளைகளில் கேட்பதே குறுக்குவழி. பொறுப்பாளர் ஒருமுறை ‘டாப்’ கருவியொன்றை உருவாக்கி, அதை இன்ன பயனருக்கு உரியது என அறிவித்துவிட்டால், அதன்பின் அம்மாணவி கடவுச்சொல் எதுவுமின்றி அதைத் தம் உட்கணினியோடு இணைத்துக்கொள்ளலாம். க்யூஎமுவோடு வரும் துணைச்செயலி ஒன்றும் உண்டு. எந்தப் பாலத்தை எளிய பயனர்கள் பயன்படுத்தலாம் என்று பொறுப்பாளர் ஒரு கோப்பில் எழுதிவைத்தால், அது அப்பாலத்தில் மட்டும் இணைத்துத் தரும். மூல உரிமை முழுவதையும் தராமல், வேண்டிய ஒரு துளியை மட்டும் தருவது இவ்விரண்டின் இயல்பு.

பெயர்வெளிகளின் வருகை

2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலே இத்துளிகளைத் தாராளமாக வழங்கத் தொடங்கியது. ‘பயனர் பெயர்வெளி’ என்னும் ஏற்பாட்டின்படி, எளிய பயனர் ஒருவர் தமக்கென ஒரு வேலியிட்டு, அதனுள் தம்மை 0 எண்ணுள்ள மூலப்பயனராக்கிக்கொள்ளலாம். வேலிக்கு வெளியே அவர் பழைய எண்ணுக்குரியவரே. வேலிக்குள் தனி வலையமைப்பும் ‘டாப்’ கருவியும் உருவாக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால், வேலியைத் தாண்டி வெளியே செல்லும் கம்பி அவரிடம் இல்லை. ஆகவே, அங்கும் ஸ்லர்ப்பின் வழித்தோன்றலான ‘ஸ்லர்ப்4நெட்என்எஸ்’ என்னும் மென்பொருளே பொதிகளைப் பெயர்த்தெழுதும் பணியை ஏற்றது. பின்னர் ‘பாஸ்ட்’ என்னும் விரைவான மென்பொருளும் அதே பணிக்கு வந்துள்ளது.

இத்தாராளம் எல்லாரையும் மகிழ்விக்கவில்லை. வேலிக்குள் மூலப்பயனராக இருப்பவர் கெர்னலின் ஆழ்ந்த பகுதிகளைத் தொட முடிகிறது. அங்கே பிழையேதும் இருந்தால் அதன்வழியே வேலியைக் கடந்துவிடலாம். அவ்வாறான பிழைகள் மெய்யாகவே கண்டறியப்பட்டுள்ளன. எனவே டெபியன் நெடுங்காலம் இவ்வசதியை எளிய பயனர்களுக்கு மூடியே வைத்திருந்து, 2021இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் திறந்தது. உபுண்டு எதிர்த்திசையில் சென்றது; முதலில் திறந்துவைத்திருந்து, அண்மைப் பதிப்புகளில் கட்டுப்பாடு விதித்துள்ளது. க்யூஎமுவுக்குள் உறையும் ஸ்லர்ப்புக்கு இம்மாற்றங்களால் எவ்விளைவும் இல்லை. அது பெயர்வெளியைக் கேட்பதில்லை. உலாவிக்குள்ள உரிமை தனக்கும் இருந்தால் போதும் என்று, மோடம் காலத்தில் செய்த வேலையையே இன்றும் செய்துகொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. ‘மே/பா முகவரி’ என்னும் உவமை ஸ்லர்ப்பின் பணிக்கு எந்த அளவு பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் நிற்கிறது என்பதைக் குழுவாகக் கலந்துரையாடுக.

2. கணினிக்கூடப் பொறுப்பாளருக்கும் மூல உரிமை வேண்டும் மாணவிக்கும் இடையே நிகழும் உரையாடல் ஒன்றை எழுதுக. இருவர் கூற்றிலும் நியாயம் புலப்படல் வேண்டும்.

3. போர்ட், பிராக்ஸி, கெர்னல் ஆகிய சொற்களுக்குப் பொருத்தமான தமிழ்க் கலைச்சொற்களை உருவாக்கி, அவற்றைத் தேர்ந்ததற்கான காரணத்தை வகுப்பில் விளக்குக.